பால் இல்லாத பிஸ்கட்

என் மகள் அபிநயாவுக்குப் பால் ஆகாது. இதைச் சொன்னால் பெரும்பாலானவர்கள், "எங்க வீட்டுலயும் அப்பிடித்தான், பாலக் கண்டாலே ஓடிருவான்" என்று சிரிப்பார்கள். நான் சொல்வது அதுவல்ல. பால், தயிர், பட்டர், நெய், பால்மா என்று எந்த உருவத்தில் போனாலும், ஒரு துளி போனாலும், அவளுடைய உடம்பு அதை விஷம் என்று எடுத்துக்கொண்டு எதிர்த்துச் சண்டை போடுகிறது. அந்தச் சண்டையில் அடிபடுவது அவளேதான்.

கைக்குழந்தையாக இருந்தபோது முதல் தடவை பால்மா கரைத்துக் கொடுத்த அன்றைக்கே முகம் தடித்து வாந்தி எடுத்தாள். அப்போது பார்த்த டாக்டர், பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் தானாகவே போய்விடும் என்றார். அரிப்புக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். போய்விடும், போய்விடும் என்று காத்திருந்தோம். இப்போது அவள் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள்.

இவளைப் போல ஒரு பிள்ளையை வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், நாங்கள் தட்டுத் தடுமாறித் தெரிந்துகொண்டது அவர்களுக்காவது முன்கூட்டியே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். எழுத உட்கார்ந்தாலே, அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்ட குரல் கேட்கிறது. அதனால் விட்டு விட்டுத்தான் எழுத முடிந்தது.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, மேட்டில் எங்கள் வீடு. என் கணவர் குமார் மாநகரசபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை செய்கிறார். நான் கண்டி டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறேன். சின்ன எழுத்தை வாசிக்கச் சொல்லி மற்றவர்களைக் கேட்பதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தால் நானே சின்ன எழுத்து வாசிப்பேன். எந்தத் தின்பண்டப் பக்கெட்டை வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பி, கடையிலிருந்து கொண்டுவந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, முழுவதும் வாசித்த பிறகுதான் பிரிப்பேன். பால் என்று நேராக எழுதமாட்டார்கள். வே பவுடர் என்பார்கள், கேசின் என்பார்கள், பால் திண்மம் என்பார்கள். எல்லாம் பால்தான்.

நாட்டில் பால்மா கிடைக்காமல் சனம் வரிசையில் நின்ற காலத்தில் எங்களுக்கு மட்டும் அந்த வரிசை தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டார் விடியுமுன்னே எழும்பிப் போவதை நான் ஜன்னலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சமயத்தில்தான் அந்த பிஸ்கட் கண்ணில் பட்டது. எங்கள் பக்கத்திலேயே ஒரு சின்னத் தொழிற்சாலையில் செய்வது. வட்டமான, மெல்லிய உப்பு பிஸ்கட். பின்னால் எழுதியிருந்தது கோதுமை மா, மரக்கறி எண்ணெய், சீனி, உப்பு, சோடா. அவ்வளவுதான். கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. மற்றப் பிள்ளைகள் பையில் கொண்டுபோவதைப் போல என் பிள்ளையும் பையில் பிஸ்கட் கொண்டுபோனாள். வருடக்கணக்காக அதைத்தான் சாப்பிட்டாள்.

அன்றைக்கும் அதையேதான் கொடுத்தேன். புதுப் பக்கெட். வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்தேன், ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து சட்டைகூட மாற்றாமல், பால் போடாத ப்ளேன் டீயில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று லீவு. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, வாயெல்லாம் ஊசி குத்துற மாதிரி இருக்கு" என்றாள்.

டீ சூடாக இருந்திருக்கும் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கீழுதடு வீங்கத் தொடங்கியிருந்தது. ஓடிப்போய் சிரப்பைக் கொடுத்தேன். அதைக் குடித்து வாந்தி எடுத்தாள். கழுத்திலும் வயிற்றிலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு ஏறியது. பிறகு இருமல். இருமலுக்கு நடுவில் "அம்மா" என்று கூப்பிட்டாள். அது என் பிள்ளையின் குரல் இல்லை. வயதான ஓர் ஆளின் தொண்டையிலிருந்து வருவது மாதிரி கரகரத்து, அடைபட்டு வந்தது. தொண்டைக்குள் குரல் வரும் இடம் வீங்கினால் அப்படித்தான் மாறும் என்று பின்னால் விளக்கினார்கள். அப்போது எனக்கு, பிள்ளைக்குள் வேறு யாரோ இருந்து என்னைக் கூப்பிடுவது போல இருந்தது.

எதிர் வீட்டு சரத் அண்ணா த்ரீவீல் ஓட்டுகிறவர். நான் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்து ஒன்றும் கேட்காமல் ஸ்டார்ட் பண்ணினார். பள்ளிக்கூடங்கள் விட்ட நேரம். பாலத்தில் வாகனம் அசையவில்லை. அவர் ஹோர்னில் இருந்து கையை எடுக்காமல் எதிர்ப் பக்கத்தில் ஏறி ஓட்டினார். டவுனைத் தாண்டி குட்ஷெட் பஸ் ஸ்டாண்ட் கிட்ட மறுபடியும் நின்றுவிட்டது. அபி என் தோளில் தலை வைத்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் விசிலடிப்பது போல ஒரு சத்தத்தோடு உள்ளே போனது. கொஞ்சத்தில் அந்தச் சத்தமும் குறைந்தது. நல்லதுக்குத்தான் குறைகிறது என்று நினைத்தேன். காற்று போவதே குறைந்தால் சத்தமும் குறையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டு நேரம் போக்கவில்லை. ஒரு நர்ஸ் மிஸ் அவளை வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். ஒரு டாக்டர் பள்ளிக்கூடச் சட்டையை மேலே தூக்கித் தொடையில் ஊசி போட்டார். மூக்கில் ஒக்சிஜன், கையில் சேலைன், விரல் நுனியில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு கிளிப். இரத்தத்தில் எவ்வளவு ஒக்சிஜன் இருக்கிறது என்று அந்தக் கிளிப் பக்கத்திலுள்ள பெட்டியில் எண்ணாகக் காட்டும். ஊசி போட்டுச் சற்று நேரத்தில் எண் மெல்ல மெல்ல ஏறியது. உதட்டில் ஏறியிருந்த நீலம் கலைந்தது. நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளைகள் வார்டுக்கு மாற்றிய பிறகு பெரிய டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண். பெயர் வேண்டாம், டாக்டரம்மா என்றே எழுதுகிறேன்.

"பிள்ளைக்கு என்ன சாப்பிடக் குடுத்தனீங்கள்?"

"பிஸ்கட் மட்டுந்தான் டாக்டர். எப்பவும் குடுக்கிற பிஸ்கட். அதுல பால் இல்ல."

"பக்கெட்டிலை எழுதியிருக்கேல்லை, அவ்வளவுதான். உள்ளுக்கு இல்லையெண்டு இப்ப சொல்லேலாது" என்றார்.

இதற்குப் பெயர் அனபிலக்சிஸ். அவர் எளிமையாகச் சொன்னார். ஒவ்வாமை தோலோடு நின்றால் அரிப்பு, தடிப்பு. அதற்கு சிரப் போதும். உடம்பு முழுவதும் ஒரே நேரத்தில் கிளம்பினால் மூச்சுக்குழாய் சுருங்கும், இரத்த அழுத்தம் விழும். அப்போது சிரப் ஒன்றுமே செய்யாது. அட்ரினலின் ஊசி ஒன்றுதான் மருந்து. அதுவும் உடனே. "சிரப்பைக் குடுத்திட்டுப் பாத்துக்கொண்டு இருக்கிற ஆக்களிட்டை இதை நான் ஒவ்வொரு முறையும் சொல்லுறனான்" என்றார். இன்னொன்றும் சொன்னார். எல்லாம் அடங்கிய பிறகு, வேறு எதுவும் சாப்பிடாமலே, சில பிள்ளைகளுக்கு மறுபடியும் வரும். அதனால் வீட்டுக்கு விடமாட்டோம்.

மறுநாள் பின்னேரம் அது வந்தது. ஆட்கள் பார்க்க வரும் நேரம். அபி எழுந்து உட்கார்ந்து படத்துக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். என் நாத்தனார் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். வாசலிலேயே கை, முகம் கழுவிவிட்டு, பஸ்ஸில் யாராவது பால் சிந்தியிருந்தால் என்று சேலையைக்கூட உதறிவிட்டு வந்தார். குமார் ஏதோ சொல்ல அபி சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது.

"அம்மா, காதெல்லாம் அரிக்குது."

நான் "மிஸ்" என்று கூப்பிட்டேன். கத்தியதாக நாத்தனார் சொல்கிறார். திரைச்சீலையை இழுத்து மூடினார்கள். எங்களை வெளியே போகச் சொன்னார்கள். சீலைக்குக் கீழே கால்கள் மட்டும் தெரிந்தன, அங்கும் இங்குமாக. நிறப் பென்சில் ஒன்று உருண்டு வெளியே வந்தது. உள்ளே அந்தக் கரகரத்த குரல் என்னைக் கூப்பிட்டது. என்னால் போக முடியவில்லை. குமார் என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு. அங்கிருந்த இரவுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. ஆபத்து நீங்கி மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டில் பிள்ளையின் தாய், ஒரு சிங்களப் பெண், தன்னுடைய பாயில் பாதியை என் பக்கமாக இழுத்துவிட்டாள். "மெஹே நிதாகன்ன" என்றாள், இங்கே படுங்கள் என்று. அந்தப் பாயில்தான் முதல் தடவையாகத் தூங்கினேன்.

அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் பில் என்று ஒன்றும் வரவில்லை. எந்தப் பொருளுக்கு உடம்பு எவ்வளவு பகை காட்டுகிறது என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை மட்டும் வெளியே கொழும்புக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதற்கு குமாருடன் வேலை செய்பவர்கள் சேர்ந்து உதவினார்கள்.

நினைத்தே பார்க்காத இன்னொன்று நடந்தது. அபி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

வீட்டிலிருந்து சோறும் பருப்பும் வந்தது. வாயை மூடிக்கொண்டாள். கஞ்சி கொடுத்தேன், தலையைத் திருப்பினாள். தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தாள். "உனக்குப் புடிச்ச உருளைக்கிழங்கு" என்று நான் ஸ்பூனை நீட்டினேன். அவள் என்னைப் பார்த்து, மெதுவாக, "அன்னைக்கும் நீங்கதானம்மா குடுத்தீங்க" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். அதுதான் என்னை இன்றைக்கும் விடாமல் துரத்துகிறது. கடையில் யாருக்காவது கண்ணாடியை மாட்டிவிட்டு, சரியாகத் தெரிகிறதா என்று கேட்கும்போதுகூட திடீரென்று கேட்கும்.

குமார் அந்த பிஸ்கட் பக்கெட்டில் இருந்த நம்பருக்குப் போன் பண்ணியிருந்தார். முதலாளியே எடுத்தாராம். விஷயத்தைக் கேட்டாராம். பிறகு எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று மட்டும் கேட்டாராம். ஆட்கள் பார்க்க வரும் நேரத்தில் ஐம்பது வயதிருக்கும் ஒருவர் தோடம்பழப் பையோடு வார்டு வாசலில் நின்றார். நான் வராந்தாவுக்குப் போனேன்.

"தங்கச்சி, நான் ரிஸ்வான். அந்த பிஸ்கட் செய்ற ஆள் நான்தான். புள்ளைக்கு எப்பிடி?"

"மூச்சு விடுறா" என்றேன்.

"அந்த பிஸ்கட்டுல நாங்க பால் போடல்ல. அல்லாஹ் மேல ஆணையா போடல்ல." பையைத் தரையில் வைத்தார். "பால்மா இல்லாத காலத்துல பால் பிஸ்கட் செய்றத நிப்பாட்டினோம். அதுக்குப் பொறகு உப்பு பிஸ்கட் மட்டுந்தான். இந்த வருஷம் ஒரு பெரிய கடைக்காரங்க பால் பிஸ்கட் கேட்டாங்க, திருப்பித் தொடங்கினோம். எங்ககிட்ட ஈக்கிறது ஒரே மெஷின். அதுலதான் ரெண்டும் ஓடுது. நடுவுல கழுவுறோம். கழுவினாப் போதும்னுதான் நெனச்சோம்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடம் என் பிள்ளை பத்திரமாக இருந்தது என் கண்ணாடியாலும் இல்லை, அவருடைய கவனத்தாலும் இல்லை. நாட்டில் பால்மா இல்லாததால். அது திரும்பி வந்தபோது எங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சொல்வதற்கு நாங்கள் யாரென்றும் அவருக்குத் தெரியாது.

"இனிமே அத செய்யாதீங்க நானா" என்றேன். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். "இல்லாட்டி தனியா ஒரு மெஷின் போடுங்க. இவ அத மட்டுந்தான் விரும்பிச் சாப்பிடுவா."

அவர் நிலத்தைப் பார்த்தார். "ஏலாது தங்கச்சி. அந்தக் கடைக்காரங்கட ஓடர விட்டா எங்கட ஆக்களுக்கு வேல இல்ல. தனி மெஷின் போடவும் என்னால ஏலாது. இப்ப உங்க மூஞ்சப் பாத்து, சரி செய்றேன்னு சொல்லிட்டுப் போகலாம். அது பொய். நான் செய்ற எதையும் இனி புள்ளைக்குக் குடுக்காதீங்க. பக்கெட்டுல பால் பட்டிருக்கலாம்னு எழுதுறேன். அது மட்டும் என்னால ஏலும்."

அந்த நேரம் அந்த மனுஷனை வெறுத்தேன். தோடம்பழப் பையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அவர் பையை எடுக்காமல் போய்விட்டார். பக்கத்துக் கட்டில் பிள்ளைகள் அதைச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் எங்கள் சந்திக் கடையில் தொங்கிய உப்பு பிஸ்கட் பக்கெட்டுகளில் மூன்று மொழியிலும் அச்சடித்த வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பது மனதில் ஏறியது.

வீட்டுக்கு விடும்போது ஊசி போடப் பழக்கினார்கள். வெளிநாட்டில் தொடையில் வைத்து அழுத்தினால் தானே இறங்கும் பேனா மாதிரி ஒன்று இருக்கிறதாம். எங்களுக்குக் கிடைத்தது மருந்துச் சிமிழும் சிரிஞ்சும். சிமிழின் கழுத்தை உடைத்து, அடையாளம் போட்ட கோடு வரை இழுத்து, தொடையில் குத்த வேண்டும். தண்ணீர் நிரப்பி ஒரு தோடம்பழத்தில் குத்திப் பழகினேன். குமாரும் பழகினார். நாத்தனாரும் பழகினார். பள்ளிக்கூடத்து டீச்சருக்கும் ஒரு நாள் காட்டினோம். இப்போது அந்தச் சின்னப் பெட்டி இல்லாமல் அபி எங்கேயும் போவதில்லை.

சில வாரம் கழித்து கிளினிக்கில் தோல் பரிசோதனை. முன்கையில் பேனாவால் அடையாளம் போட்டு, ஒவ்வொரு பொருளிலும் ஒரு சொட்டு வைத்து, தோலில் கீறல் படும் அளவுக்கு மெல்லக் குத்துவார்கள். ஆகாத பொருள் என்றால் அந்த இடம் கொசு கடித்த மாதிரி எழும்பும். மற்ற இடங்கள் வெறுமனே இருக்க, பால் வைத்த இடம் ஒரு சின்ன நாணயம் மாதிரி எழும்பியது. அபி கையை ஆட்டாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுதானா?" என்று கேட்டாள். ஏதோ ஓர் ஆளைக் காட்டிக் கேட்பதைப் போல.

டாக்டரம்மா அன்றைக்கு எனக்குச் சொன்னதுதான் முக்கியம். "பிள்ளை மெலிஞ்சு கொண்டு போறா. சோறும் கிழங்கும் மட்டும் சாப்பிட்டாக் காணாது. பள்ளிக்கூடத்திலை எல்லாரும் சாப்பிடேக்கை தானும் ஒண்டைச் சாப்பிட வேணும். நம்பி வாங்கக்கூடிய ஒரு இடத்தைத் தேடுங்கோ. போய் 'பால் இருக்கோ' எண்டு கேளாதேங்கோ. இல்லையெண்டுதான் சொல்லுவினம். அந்தக் கட்டடத்துக்குள்ளை வேறை என்ன செய்யிறியள், எந்த மெஷினிலை செய்யிறியள், ஏதும் மாத்தினா எங்களுக்குச் சொல்லுவியளோ எண்டு கேளுங்கோ."

அப்படித்தான் கேட்டோம். மதிய இடைவேளையில் கடைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கம்பனியாகப் போன் பண்ணினேன். ஒரு பெரிய கம்பனியில் ஒரு பெண் மிக மரியாதையாக என் முறைப்பாட்டைப் பதிவு செய்வதாகச் சொன்னாள். முறைப்பாடு இல்லை, கேள்வி என்றேன். கேள்வியைப் பதிவு செய்ய இடமில்லை என்றாள். இன்னோர் இடத்தில் ஒருவர், "எங்க சாமான் எல்லாம் தரமானதுதான் மேடம்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். மாத்தளைப் பக்கம் ஒரு முதலாளி, "ஒரு பொட்டுப் பட்டா என்ன ஆகப் போகுது" என்று சிரித்தார். உங்கள் பிள்ளை சாப்பிடட்டும், காசு வேண்டாம் என்று ஒருவர் ஒரு பெட்டியே அனுப்பினார். பிரிக்காமல் திருப்பி அனுப்பினோம். நல்ல மனதோடுதான் அனுப்பியிருப்பார். அந்தப் பெட்டி வீட்டுக்குள் இருந்த வரை என்னால் அதன் பக்கம் போக முடியவில்லை.

ஒரு நாள் ரிஸ்வான் நானாவே போன் பண்ணினார். ஹேவாஹெட்டப் பக்கம் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் அரிசி மாவில் தேங்காய் எண்ணெய் போட்டு பிஸ்கட் செய்கிறார்கள், அங்கே பால்மா போனதே இல்லை என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். "நான் சொன்னேன்னு நம்ப வேணாம் தங்கச்சி. நீங்களே போய்ப் பாருங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் குமாரும் பஸ் ஏறினோம். தோட்டத்தில் முன்பு கொழுந்து எடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக் காம்பராவாக இருந்த கட்டடம். உள்ளே வெள்ளையடித்து, தரைக்கு மாபிள் பதித்து, சுத்தமாக வைத்திருந்தார்கள். ஆறேழு பெண்கள். பொறுப்பாக இருந்தவர் செல்வராணி. நாற்பது வயதிருக்கும். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அரிசி எங்கே அரைக்கிறோம், எண்ணெய் யாரிடம் வாங்குகிறோம் என்று கேட்காததையும் காட்டினார். எனக்கு மனம் இளகியது. அபிக்கு ஒரு பக்கெட் கொண்டுபோகலாம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் ஒரு பெண் பெரிய கேத்தலில் டீ கொண்டுவந்து மேசை முனையில் வைத்தார். பால் டீ. எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுக் குடித்தார்கள். எனக்கும் ஒரு கப் நீட்டினார்கள். குடித்து முடித்து ஒருவர் மேசையில் சிந்தியதை ஒரு துணியால் துடைத்தார். பிறகு அதே துணியால் பிஸ்கட் தட்டைத் துடைத்தார்.

நான் கப்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். குமார் என்னைப் பார்த்தார்.

"என்னங்க, டீ சரியில்லயா?" என்று செல்வராணி கேட்டார்.

அப்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். பிஸ்கட், த்ரீவீல், அந்தக் குரல், சீலைக்குக் கீழே தெரிந்த கால்கள். யாரையும் குற்றம் சொல்லாமல் சொல்ல வேண்டும் என்று தொடங்கினேன். நடுவில் அழுதுவிட்டேன். துணி வைத்திருந்த பெண் அதைக் கீழே போட்டுவிட்டார்.

"டீய நிப்பாட்டச் சொல்றீங்களா?" என்றார் செல்வராணி. கோபமில்லை, ஆனால் முகம் இறுகியிருந்தது. "காலையில எட்டு மணிக்கு வந்தா இது ஒன்னுதாங்க எங்களுக்கு."

"நான் எப்பிடிங்க அத சொல்றது" என்றேன். ஒன்றும் வாங்காமல் திரும்பினோம். பஸ்ஸில் குமார், "அவங்க மேல என்ன பிழை" என்றார். பிழை இல்லைதான். வீட்டுக்கு வந்தால் அபி, "அந்த எடமும் சரியில்லயா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

அதோடு முடிந்தது என்று இருந்தேன். மழைக்காலம் தொடங்கியபோது செல்வராணி போன் பண்ணினார். "ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார்.

போனோம். கட்டடத்துக்குக் கீழே, தண்ணீர்க் குழாய்ப் பக்கம், நாலு கம்பு நட்டுத் தகரம் போட்டிருந்தார்கள். கேத்தல், கப், சீனிப் போத்தல் எல்லாம் அங்கே. டீ குடித்தால் கை, வாய் கழுவி, மேலே போய் வேறு மேற்சட்டை போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். பழைய துணிகளை எரித்துவிட்டுப் புதிதாக வாங்கியிருந்தார்கள். தட்டுகளையும் மாற்றியிருந்தார்கள். தகரத்தின் ஒரு பக்கம் மழை உள்ளே அடித்துக்கொண்டிருந்தது.

"இங்க நின்னா நனைவீங்களே" என்றேன்.

"கொழுந்து எடுக்கிறப்ப நனையாததா" என்றார் ஒரு பெண். "ரெண்டு மூனு பேர் ப்ளேன் டீக்கே மாறிட்டாங்க. ஏறி எறங்க ஏலாம."

செல்வராணி என்னைத் தனியே கூப்பிட்டார். "ஒன்னு சொல்லிர்றேங்க. நாங்களும் மனுஷங்கதான். எப்பவாச்சும் ஒருத்தர் மறந்துருவாங்க. அப்பிடி நடக்கவே நடக்காதுன்னு என்னால சத்தியம் பண்ண ஏலாது. நடந்தா அன்னைக்கே உங்களுக்குப் போன் வரும். அன்னைக்குச் செஞ்சது ஒன்னும் வெளிய போகாது."

இத்தனை கம்பனிக்குப் போன் பண்ணியதில் யாரும் எனக்குச் சொல்லாத வார்த்தை அது. அதற்குப் பிறகு இரண்டு தடவை அவரிடமிருந்து அப்படிப் போன் வந்திருக்கிறது.

இரண்டு பக்கெட் வாங்கி, ஒன்றை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். வீட்டில் கொடுக்க வேண்டாம், கிளினிக்கில் வைத்துக் கொடுப்போம் என்றிருந்தார். பக்கத்தில் ஊசி, ஒக்சிஜன் எல்லாம் தயாராக இருந்தது. முதலில் ஒரு துணுக்கை உதட்டில் வைத்தார்கள். காத்திருந்தோம். பிறகு கொஞ்சம். பிறகு கால்வாசி. அபி கட்டில் ஓரத்தில் விறைத்துப்போய் உட்கார்ந்து, ஒவ்வொரு வாயையும் மருந்து மாதிரி விழுங்கினாள். மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை. டாக்டரம்மா அவள் முதுகைத் தட்டி, "ஓம் பிள்ளை, இது உனக்கு ஒண்டும் செய்யாது" என்றார். அபி தலையாட்டினாள். ஆனால் வீட்டில் பிரிக்காமல் இருந்த மற்றப் பக்கெட்டை அவள் தொடவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. அலுமாரியில் கண்ணில் படும் தட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், தானாகவே அலுமாரியைத் திறந்து பக்கெட்டை எடுத்தாள். கத்தரியால் ஓரத்தை வெட்டினாள். ஒன்றை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பாத்திரம் கழுவுவதை விட்டுவிட்டேன்.

"அம்மா, நீங்க என்னையே பாக்கிறீங்க."

"இல்லயே."

"பாக்கிறீங்க. ஆஸ்பத்திரியில பாத்த மாதிரியே பாக்கிறீங்க. எனக்குப் பயமா இருக்கு." கொஞ்சம் யோசித்தாள். "அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன். ஜன்னலுக்கு வெளியே மகாவலி ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தில் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றன. ஊசிப் பெட்டி மேசையில் கை எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. பின்னால் பிஸ்கட் உடையும் சத்தம் கேட்டது. மெல்லும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. இருமலுக்காகக் காத்திருந்தேன். கரகரத்த அந்தக் குரலில் "அம்மா" என்று கூப்பிடுவதற்காகக் காத்திருந்தேன். என் கழுத்து தானாகவே திரும்பப் பார்த்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு பக்கெட் சரசரத்தது. அவள் இன்னொன்றை எடுத்துக்கொண்டிருந்தாள்.